ஏறாத மலைக்கு யார் விலை கொடுப்பது?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்போரில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர், ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோதான் சாலையை விட்டு இறங்குகிறார்கள் என்கிறது 2019-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டஜிக் விஷன் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பு. நான்கு சக்கர இயக்கமும் தடித்த டயரும் பெரும்பாலும் தார்ச்சாலையிலேயே தேய்கின்றன. செயலுக்கு வராத ஆற்றலால் மனிதனுக்கு என்ன நன்மை? ஒலிம்பியா போட்டிகளில் வலிமை உள்ளவருக்கல்ல, களத்தில் இறங்கியவருக்கே முடி சூட்டுகிறார்கள் என்று சுட்டிய அரிஸ்டாட்டில், நல்வாழ்வையும் செயலாகவே கண்டார். அந்த அளவுகோலில், மலையேறும் வண்டியை வாங்குவதால் மட்டும் ஒருவர் மலையேறியாகிவிடுவதில்லை.

தீயணைப்புக் கருவியும் சும்மாதானே தொங்குகிறது, அதை வீண் என்போமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; பனியில் புதையும் மொன்டானா மாநிலக் கிராமத்துப் பாதைகளில் செல்பவருக்கு அந்த வாதம் முழுமையாகவே பொருந்தும். ஆனால் தீயணைப்புக் கருவி சுவரில் இருக்கும்போது யாரையும் காயப்படுத்துவதில்லை. பல பிக்கப் டிரக்குகளைப் போல 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த முகப்புள்ள வண்டி பாதசாரி மீது மோதினால், 30 அங்குலத்துக்கு மிகாத சரிந்த முகப்புள்ள வண்டியைவிட உயிர்ப்பலிக்கான வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் கண்டறிந்தது. வாங்குபவரின் விருப்பச் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் போகாத காட்டுக்கான ஆபத்தை, சம்மதம் கேட்கப்படாமலே, தெருவைக் கடக்கும் குழந்தை சுமக்கிறது.