மேட்டு மழையும் பள்ளத்து வீடும்

மழை இருட்டிக்கொண்டு வந்தால் எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்காவுக்குத்தான் முதலில் வேலை. குளிர்பெட்டிக்கு அடியில் செங்கல் கொடுப்பார். வீட்டுக் கிராண்டு, பிறப்புப் பத்திரங்கள், வரி கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றுவார். பிறகு பின்வாசலைத் திறந்து லோங்காங்கில், அதாவது பின் கால்வாயில், தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. எத்தனை முறை சாயம் அடித்தாலும் மறுபடி தெரிகிறது.

"முன்ன இப்படி இல்ல தம்பி. மேல தோட்டத்த அழிச்சு வீடு கட்டினாங்க பாரு, அதுக்கப்புறந்தான்."

அக்கா சொல்வது சரியான கணக்கு. ரப்பரோ செம்பனையோ நின்ற மண்ணில் மழையில் ஒரு பங்கு ஊறும். மிச்சம் மெல்ல இறங்கும். அந்த இடத்தைக் கூரையும் தாரும் சிமெண்டும் மூடிவிட்டால், அதே மழை மொத்தமாக, வேகமாகக் கீழே வந்து சேரும். எங்கள் தாமான் குடியிருப்பின் கால்வாயோ தோட்டம் இருந்த காலத்து நீருக்கு வெட்டியது.

எங்கள் ஜோகூருக்கு வாய்க்கால் புதிதல்ல. பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா என்று ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது; பாரிட் என்றால் மலாயில் வாய்க்கால். மேற்குக் கரையின் சதுப்பை வடித்த பிறகுதான் அங்கே பயிரும் குடியும் நிலைத்தன. செலவு யாருடையது என்பதற்கும் ஒரு விடை இருந்தது. 1954-ஆம் ஆண்டின் வடிகால் பணிச் சட்டப்படி, ஒரு பகுதியை வடிகால் வட்டாரமாக அறிவித்து அங்குள்ள நிலத்தின் மீது வடிகால் வரி போடலாம். வாய்க்காலால் பிழைத்த நிலம் வாய்க்காலுக்குக் கொடுத்தது.

நகரத்தில் அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. இங்கே நாம் கட்டுவது மதிப்பீட்டு வரி. தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் அதை ஆண்டு வாடகை மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஜோகூரில் சொத்து என்ன விலைக்குப் போகும் என்பதை வைத்து. தெருவிளக்குக்கும் கால்வாய்க்கும் அந்த ஒரே பையிலிருந்துதான் பணம். ஒரு சொத்தின் விலை, அது அண்டை வீட்டுக்கு எவ்வளவு தண்ணீரைத் தள்ளிவிடுகிறது என்று சொல்லாது.

வீடு கட்டும் நிறுவனங்களுக்குக் கடமையே இல்லை என்று சொல்ல முடியாது. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் கையேடு 2001 முதல் நடப்பில் இருக்கிறது. கட்டிய பின் ஓடிவரும் உச்ச நீரளவு, கட்டுவதற்கு முன் இருந்ததைத் தாண்டக் கூடாது என்பது அதன் அடிப்படை. அதற்காகத்தான் புதிய தாமான்களில் மழைநீர்த் தேக்கக் குளங்கள். நல்ல விதி. ஆனால் அதற்கு முன்பே எழுந்துவிட்ட கூரைகள் என்ன ஆவது? நிறுவனம் குளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பத்தாம் ஆண்டில் அதில் சேரும் சேற்றை யார் அள்ளுவது?

2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் சிகாமட், கோத்தா திங்கி உட்பட ஜோகூர் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் யோங் பெங்கும் பத்து பகாட்டும் மூழ்கின. அவை ஆறு பெருகி வந்த வெள்ளங்கள். தாமான் கால்வாயை அகலப்படுத்தி அவற்றைத் தடுத்திருக்க முடியாது. நான் பேசுவது ஒரு மணி நேர மழைக்கே அடுப்படிக்குள் வரும் தண்ணீரைப் பற்றி.

வெள்ளம் வடிந்து துயர் துடைப்பு மையத்திலிருந்து திரும்பும் குடும்பத்துக்கு அரசாங்கம் 1,000 ரிங்கிட் தருகிறது. அது வேண்டும்; குறை சொல்லமாட்டேன். ஆனால் மெத்தை, துணி துவைக்கும் இயந்திரம், ஊறி உப்பிய அலமாரி, வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் போட்டால் மிச்சத்தை அக்காதான் கொடுக்கிறார். மேட்டுக் கூரைகளுக்கான வடிகால் வரியை ரசீது இல்லாமல் கட்டிக்கொண்டிருப்பவர் அவர்.

ஜெர்மனியின் பல நகரங்களில் மழைநீருக்குத் தனிக் கட்டணம் உண்டு. கூரையும் சிமெண்டும் எவ்வளவு பரப்போ அவ்வளவு கட்டணம், புல்தரைக்கு இல்லை. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், 2014 முதல், 0.2 ஹெக்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள் வேகமாக ஓடும் மழைநீரைத் தங்கள் நிலத்திலேயே தேக்கிக் குறைத்துவிட வேண்டும். நம்முடைய 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்திலும் தனியாக வடிகால் வரி விதிக்க இடமிருக்கிறது. அதைப் பரப்பளவின்படி வாங்க வழி செய்தால், பேரங்காடியும் தொழிற்சாலையும் கார் நிறுத்துமிடமும் தங்கள் தண்ணீருக்குத் தாங்களே கொடுக்கும். அந்தப் பணம் முதலில் பள்ளத்துத் தாமான்களுக்குப் போக வேண்டும்.

எனக்கும் அதில் பங்கு வரும், வரத்தான் வேண்டும். கார் நிறுத்துவதற்காக வாசல் புல்லை எடுத்துவிட்டு நானும் சிமெண்டு போட்டவன்தான். எங்கள் வரிசையில் அடுப்படியைப் பின் கால்வாய் மீது இழுத்துக் கட்டிய வீடுகள் நாலைந்து இருக்கின்றன. அங்கே மூடிக்கிடக்கும் கால்வாயைத் தூர்வார யாராலும் முடிவதில்லை.

போன வாரம் அரையாண்டு வரிச் சீட்டு வந்தது. அக்கா போய்க் கட்டிவிட்டு வந்து ரசீதைப் பைக்குள் வைத்தார். வீடு வாங்கியதிலிருந்து ஒரு தவணையும் அவர் விட்டதில்லை. பைக்குள் அடியில் இருக்கும் பழைய ரசீதுகள் தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்துப் பார்த்தேன், எழுத்து தெரியவில்லை.