தாக்கம் யார் கணக்கில்?

பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்து, அந்த அளவின்படி பொதுப்பணத்தைப் பகிர்ந்தளிக்கும் முறை பிரிட்டனில் 1986இல் தொடங்கியது. 2014 முதல் 'ஆய்வு மேன்மைச் சட்டகம்' என வழங்கும் இம்மதிப்பீடு, கட்டுரைகளையும் நூல்களையும் எடைபோடுவதோடு நில்லாமல், கல்விக்கூடத்துக்கு வெளியே ஆய்வு விளைவித்த மாற்றத்தையும் 'தாக்கம்' என்ற பெயரில் கணக்கில் எடுத்துக்கொண்டது. அப்போது மொத்த மதிப்பில் 20 விழுக்காடாக இருந்த தாக்கத்தின் பங்கு, 2021 மதிப்பீட்டில் 25 விழுக்காடாக உயர்ந்தது.

தாக்கம் எந்த நாட்டில் நிகழ்ந்தாலும் ஏற்கப்படும் என்ற விதி, ஏழை நாடுகளின் நோய், வறுமை, வேளாண்மை ஆகியவற்றை ஆராயும் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வுக்கு வாசல் திறந்தது. தீங்கைத் தடுப்பதும் தாக்கமே என ஒப்புக்கொண்டது அதனினும் நுட்பமானது. ஒரு திட்டம் வேண்டாம் என்று காட்டிய ஆய்வும், அத்திட்டம் கைவிடப்பட்டதற்குச் சான்று கிடைத்தால், மதிப்புப் பெறலாம்.

ஆனால் வளர்ச்சி ஆய்வு ஒரே நிறுவனத்தின் உழைப்பால் விளைவது அரிது. வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டியவர்கள், வினாக்களை ஊர்மக்கள் பேசும் மொழியில் அமைத்துத் தந்தவர்கள், அமைச்சக அதிகாரிகளின் நம்பிக்கையைப் பல்லாண்டுப் பழக்கத்தால் ஈட்டியிருந்த உள்நாட்டு ஆய்வாளர்கள் என எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய மாற்றம், மதிப்பீட்டில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே பதிவாகிறது. போதாக்குறைக்கு, அந்த மாற்றம் உண்மையென்று சான்றுக் கடிதம் தரும் வேலையும் பலமுறை அவர்கள் தலையிலேயே விழுகிறது.

பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணத்தைப் பங்கிடும் ஏற்பாட்டில் அயல்நாட்டு நிறுவனத்துக்குப் பங்கு கேட்பது பொருந்தாது என்று வாதிடலாம். பணத்தைப் பொறுத்தவரை அவ்வாதம் சரியே. ஆனால் பணத்தைப் பங்கிடாதிருப்பது வேறு, உழைப்பை மறைப்பது வேறு. ஒருவருடைய உழைப்பைச் சொல்லாமல் விட்டு அதன் பயனைத் தன் தகுதியாகக் காட்டுவது எந்த நிதி விதியாலும் நேர்மையாகிவிடாது. ஆய்வுக்குரிய கேள்வியை யார் எழுப்பினார், கட்டுரையில் யாருடைய பெயர் இடம்பெற்றது, திட்டம் முடிந்தபின் பங்காளி நிறுவனத்திடம் எஞ்சிய திறன் என்ன என்பவற்றை, 2021 மதிப்பீட்டில் 15 விழுக்காடு மதிப்புப் பெற்றிருந்த 'ஆய்வுச் சூழல்' போன்ற பகுதியிலேனும் கட்டாயம் கேட்கலாம். அதுவும் நிரப்பித் தள்ளும் இன்னொரு படிவமாகிவிடும் அபாயம் உண்டுதான். கேட்கப்படாத கேள்விக்கோ அந்த விடைகூடக் கிடைப்பதில்லை.

2021 மார்ச் மாதம், அயல்நாட்டு உதவிநிதியை அரசு குறைத்ததால், வளர்ச்சி ஆய்வுத் திட்டங்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையே 12 கோடி பவுண்டு பற்றாக்குறை நேர்ந்திருப்பதாகப் பிரிட்டனின் ஆய்வு நிதி அமைப்பு அறிவித்தது. பல்கலைக்கழகங்கள் தம் தாக்க அறிக்கைகளை மதிப்பீட்டுக்கு ஒப்படைக்கக் கடைசி நாள் அதே மாதம் 31ஆம் தேதி. வாக்களித்த நிதி பாதியில் நின்றதைப் பங்காளிகளிடம் எப்படிச் சொன்னார்கள் என்று எழுத அவ்வறிக்கைகளில் கட்டம் எதுவும் இருக்கவில்லை.