குடவோலையும் குடிசையும்

மக்களாட்சி மேலைநாட்டுச் சரக்கன்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் விளைந்த பயிர் என்று மேடையேறிப் பேசுவோர், அடுத்த மூச்சிலேயே உத்திரமேரூரைச் சொல்லிவிடுவார்கள். சொல்லட்டும்; பொய்யன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். ஓலையிலே பெயர் எழுதிக் குடத்திலே இட்டார்கள். சூதறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரியைப் பேண ஏரி வாரியம், தோட்டத்தைப் பேணத் தோட்ட வாரியம்! பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் மறுபடி குடத்துக்குள் நுழைய முடியாது என்று வேறு விதித்திருக்கிறார்கள். அந்த ஒரு விதியை மட்டும் பெயர்த்தெடுத்து இன்றைய மன்றங்கள் சிலவற்றின் வாயிலில் மாட்டலாம் என்று நமக்கே ஆசை எழுகிறது.

ஆனால், கல்வெட்டைக் காட்டுவோர் அதைக் கடைசிவரை படித்துக் காட்டுவதில்லை. யாருடைய பெயர் ஓலையில் ஏறும்? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவன் பெயர். தன் மனையிலே வீடு கட்டிக் குடியிருப்பவன் பெயர். மந்திர பிராமணம் ஓத வல்லவன் பெயர். நிலம் அரைக்கால் வேலிதான் என்றாலும் பாதகமில்லை, வேதம் ஒன்றும் பாடியம் ஒன்றும் கற்றிருந்தால் போதும்! பிரமதேயத்துச் சபை வேறெப்படி இருக்கும்? ஏரியைத் தூர் வாரியவன் பெயர் ஏரி வாரியக் குடத்தில் இல்லை. கரைக்கு மண் சுமந்தவள் பெயர் இல்லை. சேரி என்ற ஒன்று இருந்ததே, அங்கிருந்தோர் பெயர் எதுவுமே இல்லை. குடம் இருந்தது, குடிகள்தான் வெளியே நின்றார்கள்.

பழங்கதை எதற்கு என்பீர்கள். உத்திரமேரூரிலிருந்து செங்கற்பட்டு வழியாகத் தாம்பரம் வந்து சேர்வோம். பழங்கதை பழையதாகிவிட்டதா என்று பார்ப்போம்.

2021 நவம்பரில், பல்லாவரம், தாம்பரம், அனகாபுத்தூர், பம்மல், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம் முதலான ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. எழுபது வட்டங்கள். 2022 பிப்ரவரியில் நடந்த முதல் தேர்தலில் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டது. மந்திர பிராமணம் கேட்ட குடத்துக்கு வரலாறு தந்த மறுமொழி அது! அதே ஆண்டு நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளன்று, நகரங்களில் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. அன்றைய முதலமைச்சரே பம்மல் ஆறாவது வட்டத்துச் சபையில் வந்து அமர்ந்தார். அந்தச் சபையில் அமர என்ன தகுதி? அப்பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர். அவ்வளவே. மனை வேண்டாம், வேலி வேண்டாம், வேதம் வேண்டாம்.

இந்த எளிய தகுதியை எட்ட எத்தனை காலம் ஆயிற்று! 1921-இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தபோதுகூடச் சொத்து என்னும் வேலி அகலவில்லை. 1950-இல் அரசியல் சட்டம் வந்த பிறகுதான் வரி செலுத்தாதவனும் வாக்காளன் ஆனான். ஆகவே பகுதி சபையை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. அதன் பேராளர்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள் என்ற குறை உண்டு. 2016 இறுதியிலிருந்து 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அதிகாரிகளே ஆண்டார்கள் என்ற வெட்கமும் உண்டு. ஆயினும் கதவு திறந்திருக்கிறது.

திறந்த கதவுக்குள் நம்மிடம் கேட்கப்படுவது என்ன? தெருவிளக்கு எரிகிறதா, குப்பை அள்ளப்படுகிறதா, குழாயில் நீர் வருகிறதா? கேட்கவேண்டியவைதாம். ஆனால், எந்த ஏரியின் அருகே எத்தனை மாடி எழலாம், எந்த வயல் மனையாகலாம், எந்தக் கரையிலிருந்து யார் அகற்றப்படலாம் என்பது அங்கே பேசப்படுவதில்லை. அது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் முழுமைத் திட்டத்தில் அடங்கியது. 2008-இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ எல்லையாகக் கொண்டது; அடுத்தது 2046 வரை நீளுவது. இருபதாண்டு வாழ்வை வரையும் ஏட்டில் நம் தெரு ஒரு வண்ணம். அந்த வண்ணத்தை யார் தீட்டினார் என்பது தெருவுக்குத் தெரியாது.

"நிலமும் நீரோட்டமும் நிபுணர் அறியவேண்டிய நுட்பங்கள், பாமரரைக் கேட்டு முடிவெடுக்க இது பட்டிமன்றமா?" என்பர் சிலர். நிபுணரை நாம் வெறுப்பவரல்லர். அறிவியலை ஆசானாகக் கொண்டவர்கள் நாம். ஆனால் மருத்துவர்கூடக் கத்தியைக் கையிலெடுக்குமுன் நோயாளியின் ஒப்பம் பெறுகிறார். மேலும், 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்று முடிச்சூரில் கூரை மேல் நின்றவர்கள் எந்த நுட்பத்தால் காக்கப்பட்டார்கள்? சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் மிகைநீர் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை வழியே பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் இறங்குவது எந்நாளும் உள்ள வழி. கலங்கல் எங்கே, கால்வாய் எங்கே என்பதை அங்கே ஆடு மேய்த்தவர் அறிந்திருந்தார். அவரைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை!

இன்னொரு வினாதான் நம்மை உறங்கவிடாத வினா. கேட்பது என்று முடிவு செய்தபின், யாரைக் கேட்பது?

சிட்லபாக்கத்தைப் பாருங்கள். குப்பைக் கிடங்காகவும் கழிவுநீர்த் தொட்டியாகவும் கிடந்த ஏரியை மீட்க அவ்வூர்க் குடியிருப்போர் ஆண்டுக்கணக்கில் மனு எழுதினர், மண்வெட்டி எடுத்தனர், 2019-இல் அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கும் நிலையை உண்டாக்கினர். இது பெருமைக்குரிய பொதுத்தொண்டு. கோவில் குளத்தில் முழுகிப் பாவம் கழிப்போர் நிறைந்த நாட்டில், குளத்தின் பாவத்தைக் கழிக்க முன்வந்தவர்கள் அவர்கள்! ஆனால் ஏரியை அளக்கத் தொடங்கியதும் அளவுநூல் வீடுகளின் மேல் விழுந்தது. நலச்சங்கத்தில் நாற்காலி உடையவர் மனை உடையவர். ஏரிப்பகுதியில் வீடு கட்டியவருக்கு அந்த நாற்காலி இல்லை. வாடகைக்குக் குடியிருப்போருக்கும் பெரும்பாலும் இல்லை. பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்கோ, அந்தக் கூட்டம் நடப்பதே தெரியாது. கால் வேலி கேட்ட குடம் நம் தெருமுனையிலேயே திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது, தோழர்களே!

2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றின் கரையிலிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. ஆற்றை மீட்கிறோம் என்றார்கள் அதிகாரிகள். பல்லாண்டு வாழ்ந்தோம், மின்கட்டணம் செலுத்தினோம், எங்களைக் கேட்டது யார் என்றார்கள் மக்கள். ஆற்றோரத்து அடுக்குமாளிகை அசையாதிருக்க எங்கள் ஓட்டு வீடுதானா நீரை மறிக்கிறது என்றும் கேட்டார்கள். பெரும்பாக்கம், கீரப்பாக்கம் என்று அடுக்குக் குடியிருப்புகளுக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில்! நீர்நிலையை ஆக்கிரமித்தவன் என்று பட்டம் சூட்டி, அவனை மற்றொரு நீர்நிலையின் விளிம்பில் குடியேற்றும் விந்தையை என்னென்பது? அதே சதுப்பில் பல்லாண்டு குப்பை கொட்டியது மாநகராட்சி. அரசு நிறுவனங்களும் அதில் எழுந்தன. அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று எந்த அறிவிப்பும் அழைக்கவில்லை.

புறம்போக்கு என்றால் என்ன? இறை விதிக்கப்படாத நிலம். ஏரி, ஆறு, மேய்ச்சல் என ஊருக்கெல்லாம் பொதுவானது. அந்தச் சொல் வசைச்சொல் ஆனது எப்படி என்று எண்ணிப் பாருங்கள். இறை செலுத்தும் நிலம் உடையவனே மனிதன் என்று 919-இல் கல்லில் வெட்டினார்கள். இறையில்லா நிலத்தில் நிற்பவனை மனிதக் கணக்கில் சேர்க்காத வழக்கத்தை நாம் நாவிலேயே வைத்திருக்கிறோம்.

ஆற்றங்கரையில் எவரும் எங்கும் குடியிருக்கலாம் என்று நாம் வாதாடவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் போவது அந்தக் குடிசைதான். அங்கே கிடக்கட்டும் என்பது அன்பாகாது. சில வீடுகள் அகலவே வேண்டியிருக்கலாம். ஆனால் வரைபடத்தை முன்னால் விரித்து, எந்த எல்லைவரை நீர் வரும், எந்த மாளிகைக்கும் இதே அளவுநூலா, பிள்ளைகளின் பள்ளி எங்கே, வேலைக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பேசி ஒப்பிய பின் ஒருவன் இடம் பெயர்வதும், இயந்திரத்தின் இரைச்சலுக்கு விழித்தெழுந்து பெயர்க்கப்படுவதும் ஒன்றல்ல. முன்னவன் குடிமகன், பின்னவன் சரக்கு.

1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு என்பது கொள்கையாக இருந்தது. 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என்று ஏழைகள் நகரின் விளிம்புக்கு நகர்த்தப்பட்டார்கள். இதில் இரு கழக ஆட்சிகளுக்கும் பங்குண்டு. நம்மவர் செய்தது என்பதற்காக நாம் நாவை மடித்துக்கொண்டால், மாற்றார் செய்ததைக் கண்டிக்க நமக்கு நாவேது?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டு நாடெங்கும் கருத்துக் கேட்டது ஒன்றிய அரசு. எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் தரவேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் சொல்லவேண்டியதாயிற்று. தில்லியைக் கடிந்துகொள்வது எளிது. நம்மூர் நில வகைமாற்ற அறிவிப்பில் உள்ள சர்வே எண்ணைக் கொண்டு அது எந்தத் தெரு என்று அறிய எத்தனை பேரால் முடியும்?

தாம்பரத்து இளைஞர்கள் இதைக் கையிலெடுக்கலாம். சர்வே எண்களைத் தெருப்பெயர்களாக மாற்றி, தமிழில் வரைபடம் எழுதி, கரையோர வீடுகள் ஒவ்வொன்றிலும் விரித்துக் காட்டலாம். நிலம் பற்றிய எந்த முடிவும் முதலில் எங்கள் சபைக்கு வரவேண்டும் என்ற தீர்மானத்தை எழுபது வட்டங்களிலும் முன்மொழியலாம். சபை கூடும் வேளையையும் பார்த்துக்கொள்ளுங்கள். முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டினால் ஓய்வூதியர் வருவார், சித்தாள் வரமாட்டாள். மாலை ஏழு மணிக்கு, கரையோரத் தெருவிலேயே கூட்டச் சொல்லுங்கள்.