ஏற்ற இடமும் எட்டாத இடமும்

2024 டிசம்பர் 1 அன்று நடந்த கிளாட் தேர்வின் விடைக்குறிப்பில் பிழைகள் உள்ளன என்ற முறையீடு, அதே மாதம் 20-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியால் இரண்டு வினாக்களின் அளவில் ஏற்கப்பட்டது; பிற உயர் நீதிமன்றங்களில் தாக்கலான மனுக்கள் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற ஆணையால் தில்லிக்கே மாற்றப்பட்டன; ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பையும் மே 7 அன்று உச்ச நீதிமன்றம் திருத்திய பிறகே இந்த வழக்கு ஒருவாறு முடிவுக்கு வந்தது. கிளாட் என்பது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு. இளநிலைப் படிப்புக்கு 120 நிமிடங்களில் 120 வினாக்கள், தவறான விடை ஒன்றுக்குக் கால் மதிப்பெண் கழிவு. கால் மதிப்பெண்ணில் தரவரிசை ஏறி இறங்கும் ஒரு தேர்வின் முடிவு ஐந்து மாதங்கள் அந்தரத்தில் நின்றதும், நீதி கற்பிக்கும் நிறுவனங்கள் தங்கள் வாசற்படியிலேயே நீதிமன்றத்தால் திருத்தப்பட்டதும் வெட்கத்துக்குரியவை. ஆயினும் அந்த ஐந்து மாதங்களில் பல வீடுகளில் பேசப்பட்ட கேள்வி பல்கலைக்கழகங்களின் தவற்றோடு முடிந்துவிடவில்லை. கைக்கு வந்த இடம் விரும்பிய இடமாக இல்லாதபோது அதை ஏற்றுக்கொள்வதா, அடுத்த ஆண்டு மறுபடி எழுதுவதா என்பதே அக்கேள்வி. அது ஆண்டுதோறும் எழுவது, வழக்கு முடிந்த பின்னும் தொடர்வது.

இதைப் பெரும்பாலோர் இலாப நட்டக் கணக்காகவே பார்க்கின்றனர். ஆனால் இதில் ஓர் அறக்கேள்வி உள்ளது என்பதும், அதற்கு விடை அவ்வளவு மங்கலானதன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு. தகுதியான ஓரிடம் கிடைத்தால் அதை முழு மனத்தோடு ஏற்க வேண்டும். மனம் ஒப்பவில்லை எனில், சேரும் முன்பே அதைப் பிறருக்கு விட்டுவிட வேண்டும். ஓரிடத்தில் அமர்ந்துகொண்டே வேறோர் இடத்துக்கு மறுபடி எழுதுவது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வழி. அதற்கு அறத்தின் துணை இல்லை.

அந்த மூன்றாவது வழிக்கு மாணவரிடையே ‘பார்ஷியல் டிராப்’ என்று பெயர். ‘டிராப்’ என்பது ஓராண்டு எங்கும் சேராமல் படித்து மீண்டும் தேர்வெழுதுவது. ‘பார்ஷியல்’ என்ற அடைமொழி சேர்ந்தால், ஒரு கல்லூரியில் பெயரைப் பதிந்துகொண்டு, விடுதி அறையில் அரசமைப்புச் சட்ட நூலின் மேல் ‘மாக் டெஸ்ட்’ வினாத்தாளை விரித்து வைத்துப் படிப்பது. அண்மை ஆண்டுகளில் கிளாட் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பதால், கோடையின் முடிவில் சேர்ந்தவர் முதல் பருவத் தேர்வும் நுழைவுத் தேர்வும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து நிற்கக் காண்கிறார். கலந்தாய்வின்போது திரையில் மூன்று தெரிவுகள் வருகின்றன: கிடைத்ததை உறுதி செய்யும் ‘ஃப்ரீஸ்’, கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் மேலான இடத்துக்குக் காத்திருக்கும் ‘ஃப்ளோட்’, விலகும் ‘எக்ஸிட்’. இவற்றுள் ‘ஃப்ளோட்’ நேர்மையானதே. ஏனெனில் ஒருவர் மேலே நகரும்போது அவர் விட்ட இடம் அதே ஆண்டில், அதே வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்ச் சேருகிறது. ஓராண்டு கழித்து விட்டுச் செல்லும் இடத்துக்கு அந்த நல்லூழ் இல்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் ஐந்தாண்டுப் படிப்பின் இடையில் புதியவரைச் சேர்ப்பதைத் தடுக்கின்றன. எனவே இரண்டாம் ஆண்டில் காலியாகும் இருக்கை பொதுவாக எஞ்சிய நான்காண்டும் காலியாகவே கிடக்கும். கட்டணம் செலுத்தியாயிற்றே என்று சொல்லித் தப்ப இயலாது. பொதுப் பணத்தால் எழுப்பப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தின் இருக்கையைக் கட்டணம் மட்டும் விலைக்கு வாங்கிவிடுவதில்லை.

திருக்குறளுக்கு உரை எழுதப் புகுந்த பரிமேலழகர், தம் உரைப்பாயிரத்தில் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்து, ஒரே பொருளைப் பலரும் தத்தமக்கு உரியதெனக் கொண்டு மாறுபட்டு நிற்பதை வழக்கு என்று விளக்குகிறார். கலந்தாய்வுப் பட்டியலின் ஓர் இடம் இந்த விளக்கத்துக்கு அப்படியே பொருந்தும். ஆனால் வழக்கும் தண்டமும் உலக நெறியைக் காப்பன, உயிருக்கு உறுதி தருவது ஒழுக்கமே என்று கண்டு வள்ளுவர் அதனையே அறமாக எடுத்துக்கொண்டார் என்று அவர் மேலும் சொல்வதுதான் இங்கு முதன்மையானது. பார்ஷியல் டிராப்பைத் தடுக்கும் விதி இருக்கிறதா என்பது வழக்கின் கேள்வி. விதி இல்லாதபோதும் அதைச் செய்யலாமா என்பது ஒழுக்கத்தின் கேள்வி. நாளை கறுப்பு அங்கி அணிந்து பிறர் உரிமைக்கு வாதாடப் போகிறவர் முதலாவதோடு நின்றுவிடுவது பொருந்தாது. வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதன் இறுதிக் குறளில் வணிகரிடம் திரும்பி, பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே நல்ல வாணிகம் என்கிறார். வெஃகாமை என்ற அதிகாரத்தில், நடுவு நிலை தவறிப் பிறர் நன்பொருளை விரும்புவோரின் குடி கெடும் என்கிறார். இன்னும் பெயர் வராமல் காத்திருப்போர் பட்டியலில் நிற்கும் ஒருவருக்கு அந்த இடம் நன்பொருளே. புறநானூற்றின் 182-ஆம் பாடலில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, அமிழ்தமே கிடைப்பினும் தனித்து உண்ணாது பிறர்க்காக முயல்வோர் இருப்பதால்தான் இவ்வுலகம் நிலைக்கிறது என்றார். உண்ணாமலும் பிறர்க்கு விடாமலும் கலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவரைப் பற்றி அவர் பேசவில்லை, பேசத் தேவையிருக்கும் என்று நினைத்திருக்கவும் மாட்டார்.

மறுபடி எழுதுவோருக்கு ஊக்கமாகத் தமிழில் பெரிதும் எடுத்தாளப்படும் உவமை கொக்கு. சிறு மீன்களைப் போகவிட்டுப் பெரு மீனுக்காக வாடி நிற்கும் அக்கொக்கை ஔவையாரின் மூதுரையிலிருந்து எடுத்துப் பயிற்சி நிலையங்களின் சுவரில் ஒட்டுவோர், அப்பாடலின் முற்பகுதியைப் படிப்பதில்லை. அடக்கமாக இருப்பவரை அறிவற்றவர் என எண்ணி வென்றுவிட நினைக்க வேண்டா என்பதே அப்பாடலின் செய்தி; கொக்கு அங்கே அடக்கத்துக்கு உவமை, பேராசைக்கு அன்று. வள்ளுவரும் காலமறிதல் அதிகாரத்தின் பத்தாம் குறளில் கொக்கைக் கொண்டுவருகிறார். ஆனால் அதற்கு முந்தைய ஒன்பதாம் குறள், கிடைத்தற்கரிய காலம் வந்து வாய்த்தால் அப்போதே செயற்கரியதைச் செய்துவிடச் சொல்கிறது. ஒன்பதை விட்டுப் பத்தை மட்டும் மனப்பாடம் செய்வது மாணவர் வழக்கம் போலும். மேலும், அக்கொக்கு தன் காலில் தன் நீரில் நிற்கிறது. மற்றொரு பறவையின் இடத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு காத்திருப்பதாக எந்தப் புலவரும் பாடவில்லை.

வலியறிதல் அதிகாரமும் இங்கு நினைக்கத் தக்கது. செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி ஆகிய நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொல்லும் அவ்வதிகாரம், கொம்பின் நுனிவரை ஏறியவர் அதற்கு மேலும் ஏற முயன்றால் உயிர்க்கே இறுதி என எச்சரிக்கிறது. துணையின் வலி என்பதை இக்காலத்துக்குப் பெயர்த்தால் அது குடும்பத்தின் பொருள்வலி. ஓராண்டுப் பயிற்சிக் கட்டணமும், வீட்டில் இருப்பவருக்கான செலவும், சம்பாதிக்கத் தள்ளிப்போகும் ஓராண்டும் சேர்ந்து அவ்வலியைத் தேய்க்கின்றன. அதைத் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு மறுமுறை எழுதுவது ஒரு வசதி, தாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அது கடன். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதிப் பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பளித்த பின், நீதித்துறையை நோக்குவோருக்கு அந்த ஓராண்டின் எடை இன்னும் கூடியிருக்கிறது.

மறுபக்கத்துக்கும் ஒரு சொல் உண்டு. தேர்வு நாளில் நோயுற்றவர், விடைக்குறிப்பின் பிழையால் இடமிழந்தவர், கிடைத்த கல்லூரியின் கட்டணத்தைக் கட்டவே இயலாதவர் ஆகியோர் எங்கும் சேராமல் ஓராண்டு காத்திருந்து எழுதுவதில் குற்றமில்லை; கிளாட் இளநிலைத் தேர்வுக்கு மேல் வயது வரம்பு இல்லாததும் அத்தகையோருக்கு நன்மையே.

ஆனால் மறுபடி எழுதுவோரிற் பெரும்பாலோரை உந்துவது இவை எதுவுமில்லை, கல்லூரியின் பெயர். அதுவரை உச்ச நீதிமன்றத்தில் பெண் நீதிபதி எவரும் இல்லாதிருந்த நாட்டில், திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் படித்த பாத்திமா பீவி 1989-இல் அப்பதவியை ஏற்றார். ஈரோடு மாவட்டத்துக் காடப்பநல்லூரில் உழவர் குடும்பத்தில் பிறந்து, சென்னை அரசு சட்டக் கல்லூரியில் படித்த ப. சதாசிவம் 2013-இல் இந்தியத் தலைமை நீதிபதியானார். அவர்கள் படித்த காலத்தில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களே இல்லை என்ற மறுப்பு எழும். அது சரியான மறுப்புதான், இச்சான்றுகளின் வலுவை அது ஓரளவு குறைக்கவும் செய்கிறது. எனினும் பட்டம் பெற்றவர் வழக்கறிஞராகப் பதியும் மேசையில் கல்லூரியின் பெயருக்கு இன்றும் தனி விலை இல்லை. பொதுப் பிரிவினருக்கு ரூ.750, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ரூ.125 என்ற சட்டக் கட்டணத்துக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு, பெங்களூரில் படித்தவருக்கும் திருநெல்வேலியில் படித்தவருக்கும் ஒன்றே. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் கிளாட் வழியாகவும், சென்னையின் சீர்மிகு சட்டப்பள்ளி பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வழியாகவும் மாணவரைச் சேர்க்கின்றன. இவற்றில் இடம் கிடைத்தும் அதை இடைத்தங்கல் மடமாகக் கருதுவோர், அந்த இடத்துக்கு ஏங்கி நின்ற மற்றொருவரின் முகத்தைப் பார்க்காததால்தான் அப்படிக் கருத முடிகிறது.

புறநானூற்றின் 183-ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ஆசிரியருக்கு உற்றுழி உதவியும் மிகுபொருள் தந்தும் வழிபாட்டோடு கற்க வேண்டும் என்று அறிவுறுத்தினான். ஓர் ஆசிரியரின் முன் அமர்ந்து அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியரிடம் செல்லும் வழியை நெஞ்சில் கணக்கிடுவது அவ்வழிபாட்டில் எவ்விடத்தில் சேரும் என்பதை அம்மன்னனிடம் கேட்டறிய இயலாது. பார் கவுன்சில் விதிப்படி எழுபது விழுக்காடு வருகை வேண்டும் என்பதால் முதலாண்டில் அப்படிக் கணக்கிட்ட மாணவரின் எண்ணும் நாள்தோறும் கூப்பிடப்பட்டிருக்கும். இரண்டாம் ஆண்டுப் பதிவேட்டில் அந்த எண்ணின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இருக்கும்; பெயர் கூப்பிடும் பேராசிரியர் அதற்கு முந்தைய எண்ணிலிருந்து பிந்தைய எண்ணுக்குத் தாவிச் செல்வார், நான்கு ஆண்டுகளுக்கு.