கூடாரத்துக்கு வெளியே ஒரு குரல்

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் நூறு வருஷத்துக்கு முன்பு ஆட்களைக் கூவி அழைத்தவர்களை வைத்து ஒரு மேடைப் பேச்சு எழுதிக்கொண்டிருக்கிறேன். தனி ஆள், பத்து நிமிஷம். பாட்டும் இல்லை, நாடகமும் இல்லை, பேச்சு மட்டும். தொழிலுக்குள் அந்த ஆளுக்கு 'டாக்கர்' என்று பெயர். கூடார வாசலில் சின்னப் பலகை மேடை, பின்னால் வரிசையாகத் தொங்கும் சித்திரப் படுதாக்கள், பக்கத்தில் டிக்கெட் பெட்டி. அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

*

சத்தம் போடுவது அவன் வேலையில் சிறிய பங்குதான். பெரிய பங்கு, கூட்டத்தின் கால்களைக் கவனிப்பது.

உள்ளேயிருந்து ஒருவரை அழைத்து வந்து மேடையில் நிறுத்துவான். வாள் விழுங்குபவராக இருக்கலாம், தோளில் மலைப்பாம்பைப் போட்ட பெண்ணாக இருக்கலாம். கொஞ்சம் ஓசியில் காட்டுவான். இரண்டு பேர் நின்றால், அவர்களைப் பார்த்து நாலு பேர் நிற்பார்கள். பிறகு, “இன்னும் ஒரு எட்டு முன்னால் வாங்க” என்பான். சூட்சுமம் அந்த ஒரு எட்டில் இருக்கிறது. முன்வரிசை நெருங்கினால் பின்னால் ஆள் வந்து அடையும். நடுவில் மாட்டியவன் வெளியேற நாலு பேரை இடித்துக்கொண்டு போகவேண்டும், கூச்சப்பட்டு நின்றுவிடுவான். வாள் உதட்டைத் தொடும் நேரத்தில் மேடைக்காரர் திரும்பிக் கூடாரத்துக்குள் போய்விடுவார். மிச்சம் உள்ளே. அந்தக் கணத்தில் மொத்தக் கூட்டத்தையும் டிக்கெட் பெட்டிப் பக்கம் திருப்பத் தெரிந்தவனுக்குத்தான் மறுநாளும் வேலை.

*

தமிழ் இதற்குத் தோதான மொழி. வினைமுற்று கடைசியில்தான் வரும். பார்த்து, கேட்டு, தொட்டு, நம்பாமல் மறுபடி தொட்டு என்று எச்சங்களாகவே அடுக்கிக்கொண்டு போனால் கேட்பவர் வாக்கியத்தின் நடுவில் எழுந்து போகமுடியாது. முதல் இரண்டு நிமிஷத்தை ஒரே வாக்கியமாக எழுதியிருக்கிறேன். மூச்சு எங்கே வாங்குவது என்பதை மட்டும் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

குரலுக்கு அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. மோடி மஸ்தான் இருக்கிறார். கீரியை முளையில் கட்டி, பாம்புக் கூடையை மூடியே வைத்து, சண்டை இதோ இதோ என்று சொல்லிக்கொண்டே தாயத்தை விற்றுவிட்டுப் போவார். அந்தச் சண்டையைப் பார்த்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் அவருக்குக் கூடாரம் கிடையாது. டாக்கருக்கு உண்டு. அவன் சொன்னதற்கு உள்ளே ஏதாவது இருந்தாகவேண்டும்.

*

டாம் வெயிட்ஸ் 1976-இல் 'ஸ்டெப் ரைட் அப்' என்று ஒரு பாடல் செய்தார். பாடல் என்பதைவிடப் பேச்சு. எல்லாவற்றையும் செய்து தரும் ஏதோ ஒரு பொருளை விற்றுக்கொண்டே போவார். பொருள் என்ன என்பது கடைசி வரை வராது. கேட்டுச் சிரித்தேன். அந்த வழியில் போனால் என் வேலை சுலபமாக முடியும். விளம்பர உலகத்தைக் கிண்டல் செய்துவிட்டோம் என்று எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் கோனி ஐலண்டில் கூடாரத்துக்குள் ஆட்கள் இருந்தார்கள்.

*

மார்ட்டின் கூனி. 1903 முதல் 1943 வரை கோனி ஐலண்டில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துக் காட்சி நடத்தியவர். வாசலில் வழக்கம்போல ஆள் நின்று கூவுவான். கட்டணம் 25 சென்ட். கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குக் குழந்தைகள். ஒரு நர்ஸ் தன் விரல் மோதிரத்தைக் கழற்றிக் குழந்தையின் கையில் வளையல் மாதிரி மாட்டிக் காட்டுவார்; அது மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறும். பெரும்பாலான மருத்துவமனைகளில் அந்தப் பெட்டி இல்லாத காலம். பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. நர்ஸ்களின் சம்பளம், பால், கணகணப்பு எல்லாம் வேடிக்கை பார்த்தவர்கள் கொடுத்த காசில் நடந்தன. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன.

தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டார் கூனி. மருத்துவப் பட்டம் பெற்றதற்கு ஆதாரம் எதுவும் அகப்படவில்லை.

இதைப் பேச்சில் எங்கே வைப்பது? முடிவில் வைத்தால் டாக்கர்களுக்கெல்லாம் பாவமன்னிப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நடுவில், போகிற போக்கில், விலையோடு சேர்த்துச் சொல்வதே சரி.

*

டாட் பிரவுனிங்கின் 'ஃப்ரீக்ஸ்', 1932. படம் தொடங்குவதே ஒரு டாக்கர் கூட்டத்திடம் பேசுவதில்தான். எனக்கு அதைவிடப் பெரிய காட்சி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த பிரின்ஸ் ராண்டியன், கை கால் இல்லாதவர். ஒரு சர்க்கஸ்காரன் எதிரே நின்று தன் வித்தையைப் பற்றி அளந்துகொண்டிருக்கிறான். ராண்டியன் தீப்பெட்டியை உதட்டாலேயே திறந்து, குச்சியை எடுத்து, உரசி, சிகரெட்டைப் பற்றவைக்கிறார். அவசரமே இல்லை. பேசுகிறவன் பேசிக்கொண்டே இருக்கிறான்.

வெளியே நின்ற டாக்கர் ராண்டியனைப் பற்றி என்ன கூவியிருந்தாலும் இந்தத் தீக்குச்சி அதில் வந்திருக்காது என்று தோன்றுகிறது. படுதா ஓவியத்துக்கு வேண்டியது பயங்கரம். இது கைப்பழக்கம், அல்லது வாய்ப்பழக்கம்.

*

இப்படிக் கூடாரங்களில் காட்சி தந்த சைட்ஷோக் கலைஞர்கள் பலர் தங்கள் புகைப்பட அட்டைகளைத் தாங்களே விற்றார்கள். சிலர் பின்பக்கம் கையெழுத்துப் போட்டும் கொடுத்தார்கள். வெளி மேடையில் வாய் திறக்காமல் நின்றவர்கள் உள்ளே வந்ததும் வியாபாரம் பேசுவார்கள். என் பேச்சின் கடைசிப் பகுதி அந்தக் குரலுக்கு. கூவல் இல்லாமல், விலை, பெயர், ஊர், அடுத்த ஆள்.

அதையும் நானே பேசுவதா என்பதில்தான் இழுபறி. இன்னொரு நடிகரைக் கொண்டுவந்தால் நாடகமாகிவிடும். நானே பேசினால், வாசலில் நின்று கூவியவன் உள்ளே இருப்பவரின் வாயையும் பிடுங்கிக்கொண்டதாகிறது. அட்டைகளை அச்சடித்துப் பார்வையாளர்களிடம் கொடுத்து, அவர்களையே உரக்க வாசிக்கச் சொன்னால் என்ன? அரங்கில் வெளிச்சம் குறைவாக இருக்கும். எழுத்து பெரிதாக இருக்கவேண்டும், ஒரு அட்டைக்கு மூன்று வரிக்கு மேல் கூடாது.