வெளியே போக முடியாத 112 நாட்கள்



ஓய்வு பெற்ற ஐயாமார் பலர் என்னிடத்தில் சொல்லுகிற ஒரு வார்த்தை உண்டு. "பாஸ்டர், வேலையும் முடிஞ்சுது, பிள்ளைகளுக்கும் கலியாணம் பண்ணியாச்சு. இனிமே என்னால யாருக்கு என்ன பிரயோஜனம்?" பென்ஷன் வாங்குகிற கையிலே மாத்திரைச் சீட்டும் வந்துவிட்டால் இந்தக் கேள்வி இன்னும் பாரமாகிவிடுகிறது. இதற்குப் பதிலாக, இந்த மாதம் ஓய்வு பெற்ற ஒரு பல் டாக்டரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க ஆசைப்படுகிறேன்.

அவர் பெயர் பார்னி கிளார்க். 1921-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர். சியாட்டில் நகரத்துக்குத் தெற்கே, கடலோரமாயுள்ள டி மோயின் என்ற ஊரில் பல் வைத்தியம் பார்த்தவர். ஒரு பக்கம் பியூஜெட் சவுண்ட் என்னும் கடல்நீர், இன்னொரு பக்கம் தூரத்தில் பனி மூடிய ரெய்னியர் மலை. வெளியே காலாற நடக்க ஆசைப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா? உயரமான, திடகாத்திரமான மனுஷன். கோல்ஃப் மைதானத்தில் நடந்து திரிந்தவர். மனைவி, மூன்று பிள்ளைகள் என்று குடும்பத்தை நேசித்தவர். ஓய்வு பெற்றபின் நிம்மதியாக வாழ வேண்டியவர்.

ஆனால் அவருடைய இருதயம் பலவீனப்பட்டுப் போயிற்று. இருதயத்தின் தசையே தளர்ந்து, இரத்தத்தைத் தள்ள முடியாத வியாதி. மைதானத்தில் நடந்தவருக்கு வீட்டுக்குள் நடப்பதே பாடாகிவிட்டது. வேறொருவருடைய இருதயத்தை எடுத்து வைக்கலாமே என்றால், அந்நாட்களில் 50 வயதைத் தாண்டினவர்களுக்குப் பொதுவாக அதைச் செய்வதில்லை. இவருக்கு வயது 61. மருந்துகளும் பலனளிக்காமல் போயின.

அந்த நேரத்தில் சால்ட் லேக் சிட்டியிலுள்ள யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு செயற்கை இருதயத்தை ஆயத்தம் பண்ணியிருந்தார்கள். பெயர் ஜார்விக்-7. சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் இயந்திரம் செய்து கொடுத்த டாக்டர் வில்லெம் கோல்ஃப் என்பவருடைய ஆய்வுக்கூடத்தில், ராபர்ட் ஜார்விக் உருவாக்கினது. பிளாஸ்டிக்கும் உலோகமும் சேர்ந்தது. கன்றுக்குட்டிகளுக்கும் ஆடுகளுக்கும் வைத்துப் பார்த்திருந்தார்கள். நிரந்தரமாக ஒரு மனுஷனுக்கு வைத்ததில்லை. கிளார்க் நேரே போய், அந்த மிருகங்களைத் தன் கண்ணாலே பார்த்தார். அவரும் டாக்டர்தானே! இது தன்னைப் பழையபடி வெளியே நடமாட வைக்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் 11 பக்க ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். நன்றாய் யோசித்துக்கொள்ளும்படி ஒரு நாள் இடைவெளி விட்டு, இரண்டாம் தடவையும் போட்டார்.

1982 டிசம்பர் 1-ம் தேதி இரவு அவருடைய நிலைமை மோசமானதால், மறுநாள் காலைக்கு வைத்திருந்த ஆபரேஷனை அந்த இரவே தொடங்கினார்கள். டாக்டர் வில்லியம் டிவ்ரீஸ் தலைமையில் பல மணி நேரம் நடந்து, 2-ம் தேதி காலையில் முடிந்தது. நிரந்தரச் செயற்கை இருதயம் பெற்ற முதல் மனுஷன் பார்னி கிளார்க்.

இங்கே மூன்று காரியங்களை உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

முதலாவது, மனைவியின் கேள்வி. ஆபரேஷனுக்கு முன்பு அவருடைய மனைவி ஊனா லாய், இருதயத்தை எடுத்துவிட்ட பிறகும் அவர் என்னை நேசிப்பாரா என்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லைங்க. அநேக வருஷம் கூட வாழ்ந்த ஒரு மனைவி கேட்கிற கேள்வி அது. நம்முடைய இருதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடித்தால் ஒரு நாளைக்கு 1,00,800 தடவை துடிக்கும். அதை ஒரு பம்பு செய்துவிடும். ஆனால் நேசிப்பதை எந்த பம்பு செய்யும்? கண் விழித்த கிளார்க் தன் மனைவியை அறிந்திருந்தார், அவளை நேசித்தார். பிளாஸ்டிக் இருதயம் அன்பைக் குறைக்கவில்லை!

இப்பொழுது நம்மைப் பார்ப்போம். ஆண்டவர் கொடுத்த சதையான இருதயம் ஒரு குறையுமில்லாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வீட்டில் மனைவியிடத்தில் நல்ல வார்த்தை பேசி எத்தனை நாளாச்சு? உடன்பிறந்தவனோடு பேசாமல் எத்தனை வருஷம்? எசேக்கியேல் 36:26-ஐ எடுத்து வாசியுங்கள். கல்லானதை எடுத்துப்போட்டு சதையானதை வைக்கிற ஆபரேஷனைப் பற்றி அங்கே தேவன் பேசுகிறார். அதற்கு வயது வரம்பு கிடையாது. 50-ஐத் தாண்டினாலும் செய்வார், 80-ஐத் தாண்டினாலும் செய்வார். அல்லேலூயா!

இரண்டாவது, கட்டப்பட்டிருந்தபோதும் உதவின மனுஷன். அந்தச் செயற்கை இருதயம் காற்றினாலே இயங்கினது. அவருடைய வயிற்றின் வழியாய் வந்த இரண்டு குழாய்கள், 150 கிலோவுக்கும் அதிக எடையுள்ள ஒரு கம்ப்ரஸரோடு இணைக்கப்பட்டிருந்தன. குழாயின் நீளம் ஏறக்குறைய 6 அடி. கடலையும் மலையையும் பார்த்து நடந்த மனுஷனுக்கு அந்த 6 அடிதான் உலகம். வலிப்பு வந்தது. மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. வால்வு உடைந்து மறுபடியும் ஆபரேஷன் செய்தார்கள். இப்படி ஒருவனுடைய மரணத்தை இழுத்துக்கொண்டு போவது நியாயமா என்று அன்றைக்கே அநேகர் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் அவரோ, டாக்டர் டிவ்ரீஸ் அவரைப் பேட்டி கண்டபோது, பிறருக்கு உதவ முடிந்ததே தனக்குச் சந்தோஷம் என்ற கருத்தில் பேசினார்.

1983 மார்ச் 23-ம் தேதி மற்ற உறுப்புகள் செயலிழந்து அவர் மரித்தார். 112 நாட்கள். அந்த இயந்திர இருதயம் அதற்குள் சுமார் 1 கோடியே 29 லட்சம் தடவை துடித்திருந்தது. ஆஸ்பத்திரியை விட்டு அவர் வீட்டுக்குத் திரும்பவேயில்லை.

"அப்படின்னா தோல்விதானே பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். பொறுங்கள்.

மூன்றாவது, விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன். யோவான் 4-ம் அதிகாரத்தில் ஆண்டவர் இதைத்தான் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கிளார்க்குக்குப் பிறகு, 1984-ல் அதே வகை இருதயம் பெற்ற வில்லியம் ஷ்ரோடர் 620 நாட்கள் உயிரோடிருந்தார். அந்த ஜார்விக்-7 படிப்படியாய்ச் சீராக்கப்பட்டு, மாற்று இருதயம் கிடைக்கும்வரைக்கும் உயிரைத் தாங்கும் ஒரு பாலமாக 2004-ல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. ஆயிரத்துக்கும் அதிகமான பேருக்கு அது வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய கம்ப்ரஸர், முதுகில் சுமக்கிற 6 கிலோ பையாக மாறிற்று. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வாலிபன் அந்தப் பையைச் சுமந்துகொண்டு, சொந்த இருதயமே இல்லாமல், 555 நாட்கள் வாழ்ந்தான். ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டிலே, தன் குடும்பத்தோடு! வெளியே போய்ப் பந்து விளையாடினான். 2016-ல் அவனுக்கு மாற்று இருதயம் கிடைத்தது.

கவனித்தீர்களா? வெளியே போக முடியாமல் 112 நாட்கள் கட்டிலில் கிடந்த ஒரு பெரியவர் போட்ட விதை, 30 வருஷத்துக்குப் பின் ஒரு வாலிபனை வெளியே நடக்க வைத்தது. அந்த வாலிபனை அவர் பார்த்ததில்லை. பெயரும் தெரியாது. கோதுமை மணியைப் பற்றி யோவான் 12:24-ல் வாசிக்கிறோமே, அதன் அர்த்தம் இங்கே கொஞ்சம் விளங்குகிறதல்லவா?

கிளார்க் நம்முடைய சபைகளைச் சேர்ந்தவரல்ல, மார்மன் மார்க்கத்தைச் சேர்ந்தவர். அவர்களுடைய உபதேசத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அயலானை நேசிப்பது எப்படி என்று காட்ட ஆண்டவர் ஒரு சமாரியனையே முன்னே நிறுத்தினார். நாமும் வெட்கப்படாமல் கற்றுக்கொள்ளலாம். வைத்தியம் பார்ப்பதே அவிசுவாசம் என்று பயப்படுகிற சிலருக்கும் ஒன்று சொல்லுகிறேன். பவுலோடு பிரயாணம்பண்ணின லூக்கா ஒரு வைத்தியன் (கொலோ. 4:14). ஜெபமும் பண்ணுங்கள், நெஞ்சு வலித்தால் தாமதிக்காமல் டாக்டரிடமும் போங்கள்.

ஓய்வு பெற்ற ஐயாமாரே, அம்மாமாரே! கால் நடக்கிறதா? பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். ஆகாயத்தையும் மரத்தையும் காட்டி, இதையெல்லாம் உண்டாக்கினவர் யார் என்று சொல்லிக்கொடுங்கள். கால் நடக்கவில்லையா? கட்டிலிலிருந்து பத்துப் பேருக்காக ஜெபியுங்கள். உங்கள் அனுபவத்தை ஒரு வாலிபனுக்குச் சொல்லுங்கள். கண் தானத்தைப் பற்றி, உறுப்பு தானத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். பலனை நீங்கள் பார்க்காமலிருக்கலாம். அறுக்கிறவன் பின்னாலே வருவான்.

பிள்ளைகளே, வீட்டில் படுத்திருக்கிற அப்பாவைப் பாரமாக எண்ணாதிருங்கள். மருந்து எடுத்துக் கொடுக்கும்போது ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். அவருடைய உலகம் இப்பொழுது 6 அடிதான். அதற்குள்ளே நீங்கள் வரவேண்டும் என்று காத்திருக்கிறார்.

ஜெபிப்போமா? அன்புள்ள பரம தகப்பனே, எங்கள் இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் உம்முடைய ஈவு. கடினமானதை எடுத்துப்போடும். நேசிக்கிற இருதயத்தைத் தாரும். படுக்கையிலிருக்கிறவர்களைத் தொடும். மீதியான நாட்களில் நாங்கள் விதைக்கிறவர்களாய் இருக்கக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் அன்புச் சகோதரன்