மரத்தடி வரை நடப்பது

இரண்டு வயது நிரம்பிய வேட்டை நாய் ஒன்று. ஒருநாள்கூடக் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. அமெரிக்காவில் கென்டக்கி, டென்னசி மலையடிவாரங்களில் இப்படிப்பட்ட நாய்கள் அவ்வப்போது கைமாறும். குட்டியாக வாங்கியவருக்கு வேலை மாறியிருக்கும், அல்லது வயதாகி முழங்கால் விட்டுப்போயிருக்கும். நாயோ கூண்டுக்குள்ளேயே வளர்ந்து ஆளாகிவிட்டிருக்கும். அங்கே ரக்கூன் வேட்டைக்காரர்கள் ஆறேழு மாதக் குட்டியையே இரவில் கூட்டிக்கொண்டு அலையத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே இந்த வயதில் ஒன்றும் தெரியாத நாயைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குகிறவர்களே அதிகம்.

எனக்கு அந்த நாய்தான் யோசிக்கத் தகுந்ததாகப் படுகிறது. குட்டி விளையாட்டுப்போக்கில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிடும். பிறவியில் வந்தது எது, பழக்கியவர் கொடுத்தது எது என்று பிரித்துப் பார்க்க வழியிருக்காது. வளர்ந்த நாயிடம் அது பிரிந்து தெரியும். கால் வலு இருக்கிறது, மூக்கு முழுக் கூர்மையோடு இருக்கிறது, விரட்டும் வேகமும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் அது வேட்டை நாய் ஆகவில்லை என்றால், ஆவதற்கு வேண்டியது வேறு எங்கிருந்தோ வர வேண்டும்.

முதலில் இந்த வேட்டை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் கண்ணால் வேட்டையாடுபவை. பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், முயல் கண்ணில் பட்டதும் பாயும்; அவற்றுக்குப் பேச்சு கிடையாது, பேசவும் நேரமில்லை. ரக்கூன் வேட்டை இதற்கு நேரெதிர். ரக்கூன் இரவில் இரை தேடும் பிராணி. முகத்தில் கறுப்புப் பட்டை, வாலில் வளையங்கள், மனிதக் கைபோல் துழாவும் முன்னங்கால்கள். ஓடையில் நண்டும் தவளையும், வயலில் பால்பிடித்த சோளக்கதிரும், காட்டில் ஓக் மரத்துக் கொட்டையும் தின்னும். துரத்தப்பட்டால் மரமேறிவிடும். நாய் மரமேறாது. வாடையைப் பிடித்து, தடத்தைத் தொடர்ந்து, மரத்தைக் கண்டுபிடித்து, அடிமரத்தில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, ஆள் வந்து சேரும் வரை குரைத்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்த ஆள் ஒரு கிலோமீட்டர் தள்ளி, இருட்டில், காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பார். அவர் எதையும் பார்ப்பதில்லை. வேட்டை முழுவதும் அவருக்குச் செவிவழிச் செய்திதான்.

பழகிய காதுக்கு அந்தக் குரலில் எல்லாம் இருக்கிறது. தடத்தில் ஓடும்போது நீட்டி முழக்கும் குரல்; வாடை பழையதானால் இடைவெளி விட்டு, புதிதானால் நெருக்கி. மரத்தை அடைந்ததும் ஒரு நீண்ட முழக்கம். பிறகு குரல் மாறி, கோடாலி விழுவதுபோல் சீராக வெட்டி வெட்டிக் குரைக்கும். பத்து நாய்கள் சேர்ந்து ஓடினாலும் தன் நாயின் தொண்டையைத் தனியே அறிவார் உரியவர்.

இந்த மூக்கையும் தொண்டையையும் உண்டாக்கத் தலைமுறைகள் பிடித்திருக்கின்றன. 1750-இல் ஜெர்மனியிலிருந்து வந்த யோஹானஸ் பிளாட் கொண்டுவந்த பன்றிவேட்டை நாய்களின் வழிவந்ததாகச் சொல்லப்படும் பிளாட் ஹவுண்ட், 1989-இல் வட கரோலினாவின் மாநில நாயாக அறிவிக்கப்பட்டது. நீலப்புள்ளி கொண்ட புளூடிக், சிவந்த ரெட்போன், கருமேனியில் பழுப்புக்கட்டு கொண்ட பிளாக் அண்ட் டான், வேகத்துக்குப் பேர்போன ட்ரீயிங் வாக்கர் என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கட்சி உண்டு. அந்த வாதத்தில் விடிந்துவிடும். மனித மூக்கில் ஏறக்குறைய 50 லட்சம் மோப்ப ஏற்பிகள் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல் என்பார்கள். ஆக, மாணவனுக்கு இருக்கும் புலன் ஆசிரியருக்கு இல்லை. நாய் முகர்ந்து அறிவதை மனிதர் ஒருநாளும் அறியப்போவதில்லை. மோப்பம் பிடிக்க யாரும் நாய்க்குக் கற்றுத்தர முடியாது. அப்படியானால் பழக்குவது என்று எதைச் சொல்கிறோம்?

தொடக்க வாரங்களில் ரக்கூன் பேச்சே கிடையாது. பெயர் சொன்னால் திரும்புவது, கூப்பிட்டால் வருவது, பிக்கப் வண்டியின் பெட்டிக்குள் தானாக ஏறுவது, ஓடையைத் தாண்டுவது, வெடிச் சத்தத்துக்கு மிரளாமலிருப்பது. கூண்டில் வளர்ந்த நாய்க்கு இருட்டே புதிது. முதலில் பகலிலும், பிறகு அந்தியிலும், கடைசியில் இரவிலும் காட்டில் சும்மா நடக்க வைப்பதே பெரிய பாடம். இதற்குப் பிறகுதான் பலர் வாடைத் தடம் இழுப்பார்கள். ரக்கூன் தோலைக் கயிற்றில் கட்டி, தரையோடு இழுத்துப்போய், ஒரு மரத்தில் தேய்த்து, மேலே தொங்கவிடுவது. நல்ல பயிற்சிதான். ஆனாலும் இங்கேயே ஒரு சிறு பொய் நுழைந்துவிடுகிறது. தோலை இழுத்துப்போன மனிதரின் வாடையும் அதே தடத்தில் கிடக்கிறது. நாய் தோலைத் தொடர்கிறதா, எஜமானரின் செருப்பைத் தொடர்கிறதா? அதற்காகவே நீண்ட கழியின் நுனியில் தோலைக் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பவர்கள் உண்டு. எனினும் விடை தெரிந்த கேள்வியையே இங்கே நாயிடம் கேட்கிறோம் என்பது மாறுவதில்லை. அது சீக்கிரமே நம் முகத்தைப் படிக்கக் கற்றுவிடும். நாம் எந்த மரத்தின் பக்கம் நிற்கிறோமோ அந்த மரத்தில் குரைக்கும்.

உண்மையான இரவில் அந்த வசதி இல்லை. காட்டில் மான் இருக்கிறது, ஒப்போசம் என்ற சிறு விலங்கு இருக்கிறது, நரி இருக்கிறது. வளர்ந்த நாயின் கால்களுக்கு மானைப்போல் இனிப்பான தடம் வேறில்லை. சில நேரம் ரக்கூன் தடத்தையே பிடித்துக்கொண்டு அது வந்த திசையில் பின்னோக்கி ஓடும். மான் பின்னால் ஓடிய நாயை மின் அதிர்வு தரும் கழுத்துப்பட்டையால் திருத்துவது இன்று பரவலான வழக்கம். தவிர்க்கவே முடியாது என்று சொல்கிறவர்களை நான் மறுக்கவில்லை. மானை விரட்டிக்கொண்டே நெடுஞ்சாலையில் ஏறி அடிபட்டுச் சாகும் நாயைவிட அது மேல். என் கவலை வேறு. மூக்கில்லாத மனிதர், ஓட்டத்தின் வேகத்தை மட்டும் வைத்து அது மான்தான் என்று முடிவுகட்டிப் பொத்தானை அழுத்துகிறார். அன்று ஓடியது ரக்கூனாக இருந்தால்? சரியானதைச் சரியாகச் செய்தபோது வலி வந்தது என்று அந்த நாய் கற்றுக்கொள்ளும். சந்தேகம் இருக்கும்போது கை பொத்தானிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அனுபவமுள்ள கிழநாயோடு சேர்த்துவிடுவது அடுத்த வழக்கம். சில இரவுகளுக்கு அது பெரிய உதவி: மரம் என்றால் என்ன, அங்கே நிற்பது எதற்கு என்று கண்முன்னே காட்டிவிடும். அதிலேயே தங்கிவிட்டால் கேடு. கிழநாய் வாய் திறந்ததும் தானும் வாய் திறக்கும், அது மரத்தில் கால் ஊன்றியதும் தானும் ஊன்றும். கேட்பவருக்கு இரண்டு அருமையான நாய்கள் குரைப்பதாகத் தோன்றும். தனியே அவிழ்த்துவிட்டால் இளையது வண்டியைச் சுற்றியே வரும். 'நானும்கூட' நாய் என்று வேட்டைக்காரர்கள் இதை அலுப்போடு சொல்வார்கள். அதன் குரல் கணீரென்றுதான் இருக்கும், ஆனால் அதற்குள் எதுவும் இருக்காது. ஆகவே எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அதைத் தனியாக அனுப்ப வேண்டும். தனியே போன முதல் இரவுகளில் அநேகமாக ஒன்றும் நடக்காது. அந்த ஒன்றும் நடக்காத இரவுகளைத் தாங்க முடியாத ஆசிரியர்தான் மறுபடி கிழநாயைத் தேடிப்போகிறார்.

பிறகு ஒருநாள் அது ஒரு மரத்தடியில் நின்று குரைக்கும். மனிதர் முள்ளும் சேறும் தாண்டி மூச்சிரைக்க வந்து, தலைவிளக்கைக் கிளை கிளையாக ஓட்டிப் பார்ப்பார். கண்மணிகள் மின்னவில்லை. இலையுதிர்ந்த மரம், பொந்து கிடையாது, ஒளிய இடமே இல்லை. வெறும் மரம். ஒருவேளை ரக்கூன் உண்மையிலேயே ஏறி, சற்று நேரத்தில் இறங்கிப் போயிருக்கலாம். இது அதற்குக் கைவந்த கலை. அல்லது நாய்க்குத் தடம் அறுந்துபோய், சும்மா நிற்க மனமில்லாமல் அருகிலிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

அந்த இடத்தில் மனிதர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தனை நாள் காத்திருந்தவர், கடைசியில் மரத்தில் நின்றுவிட்டதே என்ற பூரிப்பில் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, பலே என்கிறார். அன்பில்தான் செய்கிறார். ஆனால் அந்த நொடியில் குரைப்பதற்கும் மேலே ரக்கூன் இருப்பதற்கும் தொடர்பில்லை என்று அவரே சொல்லிக்கொடுத்துவிடுகிறார். அடிக்கவும் கூடாது, அடித்தால் அடுத்த முறை ரக்கூன் இருக்கும் மரத்திலும் வாய் திறக்கத் தயங்கும். பேசாமல் கயிற்றைக் கட்டி, அந்த மரத்தைவிட்டு நடத்திக்கொண்டு போய்விட வேண்டும், அவ்வளவுதான். பாராட்டு கண்ணால் கண்ட ரக்கூனுக்கு மட்டும். அப்போது அதைக் கொண்டாட வேண்டும், நாய் மறக்காத அளவுக்கு. சுட்டு வீழ்த்தினால்தான் நாய்க்குப் புரியும் என்பாரும் உண்டு. ரோமத்துக்கு விலை இருந்த நாட்களில் அது பிழைப்பாகவும் இருந்தது. இன்று பலர் நாயைப் பாராட்டிவிட்டு, ரக்கூனைக் கிளையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அப்படி வந்தாலும் நாய் கற்றுக்கொள்கிறது என்பதே எனக்கு நிறைவு தரும் செய்தி.

ஆகஸ்டு மாதத்தில் இலை அடர்ந்திருக்கும்போது இன்னும் சிக்கல். ரக்கூன் இருக்கலாம், தெரியவில்லை. பெரிய பொந்து இருக்கிறது, உள்ளே இருக்கலாம். இரவு வேட்டைப் போட்டிகளில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே ரக்கூனைக் கொல்ல அனுமதியில்லை; நாயின் குரலைக் கேட்டு உரியவர் அறிவிப்பதற்கே புள்ளிகள். மரத்தில் ரக்கூன் கண்ணில் பட்டால் புள்ளி கூடும். ஒளிய இடமில்லாத வெறும் மரமானால் குறையும். பொந்தோ இலையடர்வோ இருந்து முடிவுசெய்ய முடியாமல் போனால், அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டுவிடுவார்கள், கூட்டுவதுமில்லை, கழிப்பதுமில்லை. விளையாட்டு விதியாக எழுதப்பட்டிருந்தாலும், கற்பிக்கும் எவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டிய வட்டம் அது. தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு பாராட்டவோ கண்டிக்கவோ அந்த மனிதருக்கு உரிமையில்லை.

நாய்க்கு உண்மை பேசக் கற்றுத்தருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். குரைக்கும் நாய்க்குத் தன் குரலின் மதிப்பு தெரியாது. யாரோ ஒருவர் அதை நம்பி இருட்டில் நடந்து வருகிறார், வந்து மேலே பார்க்கிறார், இருந்ததை இருந்தது என்றும் இல்லாததை இல்லை என்றும் காட்டுகிறார். இது திரும்பத் திரும்ப நடக்கும்போதுதான் அந்தக் குரலுக்குள் பொருள் வந்து உட்காருகிறது. மெய் முதலில் கேட்பவரிடம் இருந்தாக வேண்டும். சொல்பவரிடம் அது பின்னால்தான் ஊறுகிறது. இதே அமெரிக்காவில் ஒரு காலத்தில் அடிமைகளாக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் பகல் முழுதும் பிறர் வயலில் உழைத்து, இரவில் ரக்கூனும் ஒப்போசமும் பிடித்துத் தம் உணவுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வெறும் மரத்தில் குரைக்கும் நாய் என்றால் தூக்கமும் போய் உணவும் போன இரவு. அந்த நாய்களின் ஒவ்வொரு குரைப்பையும் எவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார்கள்!

அலபாமாவில் டஸ்கம்பியா ஊருக்கு அப்பால் ரக்கூன் வேட்டை நாய்களுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. 1937 செப்டம்பர் 4 அன்று கீ அண்டர்வுட் என்ற வேட்டைக்காரர் தன் நாய் ட்ரூப்பை, வேட்டைக்காரர்கள் கூடும் பழைய முகாம் இடத்தில் புதைத்தார். பழைய புகைபோக்கியின் கல்லொன்றில் பெயரைத் தானே செதுக்கி நட்டார். மற்றவர்களும் தங்கள் நாய்களைக் கொண்டுவந்தார்கள். அங்கே இடம் வேண்டுமானால் இன்றும் உரியவர் சொல்வது மட்டும் போதாது. அது அசல் ரக்கூன் வேட்டை நாய்தான் என்று ஒரு சாட்சி சொல்ல வேண்டும். எனக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது. எத்தனை கோப்பை வென்றது என்று அவர்கள் கேட்கவில்லை. இதன் பேச்சைக் கேட்டு நடந்துபோனவர் வேறு யாராவது உண்டா என்றுதான் கேட்கிறார்கள்.

இப்போது நாயின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இருக்கிறது. முன்பெல்லாம் நாயைத் தொலைத்து விடியும்வரை தேடியவர்களுக்கு அது வரம். நாய் எங்கே ஓடுகிறது, எங்கே மரத்தடியில் நின்றுவிட்டது என்பதெல்லாம் கையிலுள்ள திரையில் வந்துவிடுகிறது. குளிர் நடுக்கும் இரவில், சேற்று ஓடைக்கு அக்கரையில் இளநாய் குரைப்பதைத் திரையில் பார்த்துவிட்டு, எப்படியும் வெறும் மரமாகத்தான் இருக்கும் என்று வண்டியிலிருந்தபடியே திருப்பிக் கூப்பிடத் தோன்றும். பழகிய நாயானால் ஓரிரவு பொறுத்துக்கொள்ளும். இந்த இரண்டு வயது நாய் பொறுக்காது. ரக்கூன் மேலே இருக்கிறதா என்று எந்தத் திரையும் சொல்வதில்லை. வண்டியை நிறுத்தி, காலணியை இறுக்கி, ஓடையில் இறங்கித்தான் ஆக வேண்டும்.